பூசணிக்காயும் வலது காலும்

என் கல்யாணத்தில் கெட்டிமேளம் இரண்டு முறை கொட்டினார்கள். முதல் முறை செங்கத்தில், காலையில் தாலி ஏறும்போது. இரண்டாவது முறை அன்றைக்கே சாயங்காலம், அடி அண்ணாமலையில், நான் ஒரு அம்பாசடர் காருக்குள் தலைகீழாகக் கிடந்தபோது.

எழுபதுகளின் கடைசி, ஆவணி மாதம். என் பிறந்த வீடு செங்கம். மாப்பிள்ளை வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையை ஒட்டியே இருந்தது. விவசாயக் குடும்பம், மாப்பிள்ளை மட்டும் ஆரம்பப் பள்ளி வாத்தியார். தாலி கட்டி முடித்து என்னைப் புகுந்த வீட்டுக்கு அழைத்து வர ஒரு வாடகைக் கார் பிடித்திருந்தார்கள். முன்னால் டிரைவரும் என் கணவரும், பின்னால் நானும் என் நாத்தனாரும். எங்கள் இருவருக்கும் நடுவில், மடியில், காலடியில், காரின் கூரை மேல் என்று எங்கே பார்த்தாலும் என் சீர்வரிசைதான். எவர்சில்வர் குடம், அண்டா, தூக்கு, தட்டு, ஒரு டின் முறுக்கு, ஒரு டின் அதிரசம். கட்டின புருஷனை அதுவரை நான் நன்றாகப் பார்த்தது அவருடைய பின்கழுத்தைத்தான். நல்ல கழுத்து என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணேறு என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். எல்லா வீட்டிலும் கல்யாணக் கார் வாசலுக்கு வந்து நின்ற பிறகு பூசணிக்காயைச் சுற்றித் தெருவில் உடைப்பார்கள். என் மாமியாருக்கு அது போதவில்லை. வழியெல்லாம் பார்த்த கண் வீட்டு வாசல் வரைக்கும் வரலாமா? ஊருக்குள் நுழையும் வளைவிலேயே கழிந்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, தன் கொழுந்தனாரிடம், அதாவது என் சின்ன மாமனாரிடம், ஒரு பெரிய பூசணிக்காயைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கார் வளைவில் வந்து நின்றதும் சுற்றி, ஓரமாக உடை என்பது உத்தரவு. சின்ன மாமனார் வளைவில் நின்று பார்த்தார். கார் வருகிற வழியாகத் தெரியவில்லை. வீட்டில் பந்தி ஆரம்பித்துவிடுமோ என்ற கவலை வேறு. காற்றைச் சுற்றிவிட்டு, நடு ரோட்டில் காயைப் போட்டு உடைத்துவிட்டு, சாப்பிடப் போய்விட்டார்.

நாங்கள் வளைவு திரும்பியபோது அது ரோடு முழுக்கக் கிடந்தது. வெள்ளைச் சதை, அதன் மேல் அப்பிய குங்குமம், விதை, கொழகொழவென்று சாறு. யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்று நினைத்து டிரைவர் பிரேக்கை மிதித்தார். மிதித்த இடம் பூசணிக்காய் மேல். கார் வழுக்கிக்கொண்டு போய் ஒரு புளிய மரத்தில் இடித்து, பக்கத்துப் பள்ளத்தில் கவிழ்ந்தது. விபத்து வரக் கூடாது என்று உடைத்த காய்.

சத்தம் அடங்கினதும் பார்த்தால் கூரை என் முதுகுக்குக் கீழே இருந்தது. பெட்ரோல் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் சேர்ந்து அடித்தன. என் வலது கால் எங்கேயோ மாட்டியிருந்தது, அது என் கால் போலவே இல்லை. முன் சீட்டிலிருந்து ரத்தம் சொட்டு சொட்டாக ஒரு எவர்சில்வர் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. கட்டின அன்றைக்கே போய்விட்டாரா என்று நினைத்தேன். செத்துப்போவேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

அப்போதுதான் கெட்டிமேளம் கேட்டது. கூரை மேல் கட்டியிருந்த குடமும் அண்டாவும் தூக்கும் ரோட்டில் உருண்டு போன சத்தத்தை வீட்டில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். பெண் வீட்டுக்காரர்கள் சீரோடு வந்து இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து மேளக்காரர்களுக்கு ஜாடை காட்டிவிட்டார்கள். அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொட்டினார்கள். நாங்கள் பள்ளத்தில் முனகியது ஒருவர் காதிலும் விழவில்லை.

எங்களை வெளியே இழுத்துப் போட்டது ஒரு வெள்ளைக்காரர். ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருந்தவர். வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் அந்த வழியாக வந்திருக்கிறார். கதவை எப்படியோ பிடுங்கி ஒவ்வொருவராக இழுத்தார். நான் அழுதேன், நாத்தனார் அலறினாள், டிரைவர் சாமி பெயரை எல்லாம் வரிசையாகச் சொன்னார். வெள்ளைக்காரர் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்க்காரர்கள் ஓடி வந்து என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று அவரைச் சூழ்ந்துகொண்டபோது, கழுத்தில் தொங்கிய சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். அதில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என் கணவர். அவர் மயக்கத்தில் இருந்தார். ஆறு மாதம் மௌன விரதம் என்பதுதான் அதில் எழுதியிருந்ததாம், பின்னால் சொன்னார்கள்.

இதற்குள் அந்தப் பக்கம் மேய்ந்த ஆடுகள் வந்து ரோட்டில் கிடந்த பூசணிக்காயைத் துண்டு விடாமல் தின்றுவிட்டன. மறுநாள் விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குக் கிடைத்தது புளிய மரம் மட்டும்தான். ரோட்டோர மரங்களுக்கு நம்பர் எழுதியிருப்பார்கள் இல்லையா, அந்த நம்பரைக் கவனமாகக் குறித்துக்கொண்டு போனார். என் பெயரைக் கேட்கவில்லை.

டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் செங்கம் போனவர்தான், அப்புறம் ஆளைக் காணோம். நாத்தனாருக்கு முன்பல் ஒன்று போச்சு. எனக்கு வலது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். என் கணவருக்குத் தாடை எலும்பு உடைந்ததால் வேலூருக்குக் கொண்டுபோய், மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. கஞ்சி, மோர், பால், அதுவும் பல் இடுக்கு வழியாக.

ஆகக்கூடி, நடந்தது என்ன என்று பார்த்தவர்கள் நான்கு பேர். ஒருவர் ஓடிவிட்டார். ஒருவர் விரதம். ஒருவருக்கு வாயில் கம்பி. மிச்சம் இருந்த நான் வீட்டுக்கு வந்த புது மருமகள். அதாவது பேசக் கூடாது. நாத்தனார் வழி முழுக்கத் தூங்கிக்கொண்டு வந்தவள், அவளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் மாமியார் என் தலைமாட்டில் உட்கார்ந்து, பூவும் புழுதியும் அடைந்து கிடந்த தலையைச் சிக்கெடுத்துச் சீவிவிட்டார். ரொம்ப நேரம் சீவினார். தங்கமான மாமியார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதற்குள் சின்ன மாமனார் பேச ஆரம்பித்திருந்தார்.

"அண்ணி, சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. இருவது வருஷமா இந்த வளைவுல ஒரு மாட்டு வண்டி சாஞ்சதில்ல. இந்தப் பொண்ணு வந்த வேளை, காரே கவுந்துடுச்சு."

வந்த வேளை. இரண்டே வார்த்தை. புது மருமகள் வந்து இறங்கினதும் மாடு கன்று போட்டால் வந்த வேளை நல்ல வேளை. கிணறு வற்றினால் கெட்ட வேளை. என் விஷயத்தில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கார் கவிழ்ந்ததே, அவ வந்த வேளைதான் என்றது ஒரு கட்சி. கார் கவிழ்ந்தும் நாலு பேரும் பிழைத்தார்களே, அவ வந்த வேளைதான் என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில் என் மாமனாரும் பக்கத்து வீட்டுக் காது கேட்காத கிழவரும் மட்டும் இருந்தார்கள்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து என்னை மாட்டு வண்டியில் அழைத்து வந்தார்கள். கார் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். வாசலில் கல்யாணத்துக்குப் போட்ட கீற்றுப் பந்தல் அப்படியே இருந்தது. கட்டிய வாழை மரங்கள் வாடித் தொங்கின. ஆரத்தித் தட்டோடு மாமியார் நின்றார். எல்லாம் முறைப்படி சுற்றியாகிவிட்டது. அப்புறம் வழக்கமாகச் சொல்வதை வழக்கம்போலச் சொன்னார்.

"வலது கால எடுத்து வச்சு உள்ள வாம்மா."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். வலது கால் மாவுக்கட்டுக்குள் இருந்தது. அதை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புது மருமகள் முதல் முறை இடது காலை வைத்து வீட்டுக்குள் வந்தால் வீடு விளங்குமா? அதுவும் ஏற்கெனவே வேளை சரியில்லாதவள். வண்டியிலேயே என்னை உட்கார வைத்துவிட்டுக் கீழே ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. தூக்கிக்கொண்டு போனால் என்ன என்றார் மாமனார். தூக்கிக்கொண்டு போவது, வருவது எல்லாம் வேற காரியத்துக்கு என்று நாலு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். நுனி விரலால் தரையைத் தொட்டால் போதாதா என்றாள் நாத்தனார், பல் போன வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. விரல் எங்கே இருக்கிறது, சுற்றிக் கட்டியிருக்கிறதே. கோயில் பூசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் என் மாவுக்கட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, தட்டியும் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிறது காலு, மேல இருக்கிறது மாவு. காலு தரைல படணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

என்னை அழைத்து வருகிற நாள் என்று கேள்விப்பட்டு என் அம்மாவும் செங்கத்திலிருந்து வந்திருந்தாள். "எம் பொண்ண நான் இட்டுக்கினு போறேன், கட்டு பிரிச்சதும் அனுப்பறேன்" என்று அழுதாள். சின்ன மாமனார் அவசர அவசரமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. போனால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிப் போய் வந்து உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அப்பளம் இட்டே கிழவியாகிவிட்டாள். என் அம்மாவுக்கும் அது தெரியும், அதனால்தான் அப்படி அழுதாள்.

"நான் போவல. இங்கயே இந்தப் பந்தல்லயே இருக்கேன். காலு ஊனினதும் உள்ள வர்றேன்" என்றேன். புது மருமகள் வண்டியில் உட்கார்ந்துகொண்டு இப்படி வாய் திறந்தது அந்த ஊரில் அதுதான் முதல் முறையாக இருக்கும்.

அப்படித்தான் நான் மாவுக்கட்டோடு முப்பத்தைந்து நாள் என் கல்யாணப் பந்தலிலேயே குடியிருந்தேன். கயிற்றுக் கட்டில் போட்டுச் சுற்றிலும் கீற்றுத் தட்டி மறைத்து, பின்னால் ஒரு மறைவு. கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதில் கொஞ்சம் சிக்கல். மலைப் பக்கம் காலை நீட்டக் கூடாது. வீட்டுப் பக்கமும் நீட்டக் கூடாது, வீட்டுக்குள் சாமி படம் இருக்கிறது. கடைசியில் ரோட்டைப் பார்த்து நீட்டலாம் என்று முடிவாயிற்று. ரோட்டில் போகிறவர்களுக்குத் தட்டியின் ஓரமாக என் வெள்ளைக் கால் மட்டும் தெரியும்.

வேலூரிலிருந்து என் கணவர் வந்தார். தலையோடு தாடையோடு கட்டு. அவர் ஆம்பளை, இந்த வீட்டுப் பிள்ளை, எந்தக் காலை வேண்டுமானாலும் வைத்து உள்ளே போகலாம். ஆனால் போகவில்லை. பந்தலில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டிலைப் போட்டுக்கொண்டார். மாமியார் தடுத்தபோது, வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் போன சிலேட்டை எடுத்து எழுதினார். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். "பந்தல் என் கல்யாணத்துக்குப் போட்டது."

எங்கள் குடித்தனம் சிலேட்டில் ஆரம்பித்தது. அவரால் பேச முடியாது, நான் பேசக் கூடாது. ஒரு பலப்பத்தை உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டோம். மாமியார் எதிரிலேயே சண்டைகூடப் போட்டோம். "இன்னா எழுதறான்?" என்று மாமியார் கேட்பார். "கஞ்சியில உப்பு கம்மியாம் அத்தே" என்பேன். அவர் எழுதியிருந்தது, குறட்டை விடுகிறாய் என்று. அவருக்கு எங்கேயும் வாத்தியார் புத்தி. நான் எழுதுவதில் பிழை இருந்தால் பதில் எழுதுவதற்கு முன்னால் திருத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் வாரமே நான் அதை எழுதிக் காட்டினேன். மாமியார் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சிலேட்டில் "பூசனிக்காய்" என்று எழுதி என் கணவரிடம் நீட்டினேன். நீங்களும் பார்த்தீர்களா என்று கேட்கிற மாதிரி. அவர் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போனது. பலப்பத்தை எடுத்து "னி"யை அடித்து "ணி" என்று திருத்தினார். அப்புறம் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளங்கையால் எல்லாவற்றையும் அழித்தார். அழித்த இடத்தில் "பொறு" என்று எழுதினார். நான் பொறுத்தேன். ஆனால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். எங்கள் அம்மா உடைக்கச் சொன்ன காயில்தான் வழுக்கியது என்று அவர் எழுதினால் என் தலையெழுத்து மாறிவிடும். இந்த மனுஷன் இலக்கணம் பார்க்கிறாரே என்று அன்று முழுக்க அவரோடு எழுதவில்லை.

பௌர்ணமி வந்தது. இப்போது போல அந்தக் காலத்தில் மலை சுற்றக் கூட்டம் கிடையாது என்றாலும் வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் பேர் வருவார்கள். காலையில் கண் விழித்துப் பார்த்தால் என் மாவுக்கட்டின் மேல் குங்குமம். கட்டில் காலடியில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் விபூதி. ரோட்டோரம் பந்தல், வாழை மரம், உள்ளே வெள்ளையாக ஒரு பாதம், பக்கத்தில் வாய் பேசாத ஒரு ஆள் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். வேறு என்ன நினைப்பார்கள்? ஒரு அம்மாள் கண்ணீரோடு என் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாயே, எம் மருமவளுக்கு இந்த வருஷமாவது வயித்துல ஒண்ணு தங்கணும்" என்று கேட்டாள். "நான் கல்யாணமாகி இன்னும் வூட்டுக்குள்ளயே போவலிங்க" என்றேன். அவள் அதற்கு ஏதோ ஆழமான அர்த்தம் எடுத்துக்கொண்டு "அரோகரா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமியார் அதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்தார். வேளை கெட்டவள் என்று அவர் ஒதுக்கி வைத்த காலை ஊரான் கும்பிடுகிறான். விழுந்து சிரித்திருக்கலாம். அவர் சிரிக்கவில்லை, உள்ளே போய்விட்டார். சின்ன மாமனார் மட்டும் அடுத்த பௌர்ணமிக்குப் பந்தல் முன்னால் ஒரு தட்டு வைக்கலாமா என்று யோசனை கேட்டார். என் கணவர் சிலேட்டில் பெரிதாக "கூடாது" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

மழை வந்தது. பந்தல் ஒழுகியது. குடையைப் பிடித்துக்கொண்டு கஞ்சி குடித்தோம். டின்னில் இருந்த முறுக்கை என் கணவர் தினமும் திறந்து பார்த்து மூடி வைப்பார். கம்பி பிரித்த அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என் பெயராக இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். "முறுக்கு இருக்கா?" என்றார். அது கொஞ்ச நாள் கழித்து.

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போய் மாவுக்கட்டைப் பிரித்துக்கொண்டு வந்தேன். வெளியே வந்த கால் குச்சி போல இருந்தது. ஊன்றினால் நடுங்கியது. அடுத்த நாள் காலையில் உறவுக்காரர்கள் கூடிப் பேசுவதாக ஏற்பாடு. என்னை "கொஞ்ச நாள்" செங்கத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்பது பேச்சு. அனுப்புவது என்று சின்ன மாமனார் எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். என் அப்பா அம்மாவுக்கும் ஆள் அனுப்பியாகிவிட்டது, வண்டியோடு வரச் சொல்லி.

அன்று மத்தியானம் என் கணவர் குளிக்கப் போயிருந்தபோது மாமியார் சீப்போடு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் தலையைத் தொட்டார். பின்னால் உட்கார்ந்து சீவ ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் முன்னால் கையை நீட்டினார். உள்ளங்கையில் காய்ந்துபோன நாலு பூசணி விதை.

"ஆஸ்பத்திரில உன் தலையிலருந்து சீவி எடுத்தது" என்றார். "அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு எனக்கு. நீ சிலேட்டுல எழுதிக் காமிச்சியே, அவன் அழிச்சானே, அதுவும் இதானே?"

நான் அந்த நாலு விதையையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"எம் புள்ளயக் கொல்லப் பாத்தது நாந்தான். கண்ணு படக் கூடாதுனு நானே அனுப்பி வச்சேன். உன்னப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தக் காயி கண்ணுல வந்து நிக்குது. நீ என்னிக்காவது சொல்லிடுவே. சொன்னா அவன் எம் மூஞ்சியில முழிப்பானா? நீ போய்ட்டாத் தேவலைனு நெனச்சேன். அதான் நெசம்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒரு மாதத்துக்கு மேல் மழையிலும் ஈயிலும் என்னை வெளியே போட்டு வைத்தது என் வேளை இல்லை, இவருடைய பயம். திரும்பிப் பார்த்துக் கத்த வேண்டும் என்று இருந்தது. ஆனால் சிக்கே இல்லாத இடத்தை அவர் மறுபடியும் மறுபடியும் சீவிக்கொண்டிருந்தார். இந்த அம்மாளுக்குப் பிள்ளை மேல் இருக்கிற ஆசையில்தான் நான் கால் உடைந்து கிடக்கிறேன் என்று நினைத்தபோது, ஏனோ, அந்தப் பைத்தியக்காரத்தனத்தின் மேல் இரக்கமாக இருந்தது.

"இழுக்காம சீவுங்க அத்தே" என்றேன். அவர் விதைகளை மறுபடியும் முடிந்துகொண்டார்.

மறுநாள் பந்தலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். என் அப்பா அம்மா ஒரு பக்கம், அவர்கள் வந்த வண்டி வெளியே மாடு அவிழ்க்காமல் நின்றது. சின்ன மாமனார் பழைய பாட்டையே பாடினார். வந்த வேளை. என் அப்பா சாதுதான், ஆனால் அன்று பொறுக்கவில்லை.

"எம் பொண்ணு இன்னா காரா ஓட்டிக்கினு வந்துச்சு? எப்பிடிக் கவுந்துச்சுனு யாராவது சொல்லுங்களேன். நல்லா ஓடுற காரு சும்மா கவுருமா?"

சின்ன மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமியார் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னையே பார்த்தார். முதல் முறையாக நேராக.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கூடவே சைக்கிள் கடைக்காரர் ஓடி வந்து அறிவித்தார். "சாமிக்கு இன்னியோட விரதம் முடியுதுங்க. காலையிலருந்து இன்னும் வாயத் தொறக்கல. மொதல் வார்த்தைய நீங்க பொழைச்சதப் பாத்துட்டுத்தான் பேசுவாராம். காயிதத்துல எழுதிக் காமிச்சாரு." எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். அவருக்குத் தெரியும். ரோட்டில் என்ன கிடந்தது என்று என்னை விட நன்றாகவே பார்த்தவர். ஆறு மாதம் அடக்கி வைத்த வாய். கொஞ்சம் தமிழும் கற்றிருந்தார்.

அவர் உதடு பிரிவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஆடு" என்றேன். "வளைவுல ஆடு குறுக்கால வந்துடுச்சு. அத்த இடிக்கக் கூடாதுனுதான் டிரைவரு ஒடிச்சாரு."

வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். கையிலிருந்த வாழைப்பழத்தைக் கட்டில் மேல் வைத்தார்.

"ஆமா," என்றார். "பெரிய ஆடு."

ஆறு மாதத் தவத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. பொய். எனக்காகச் சொன்ன பொய் என்று இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கோயில் பூசாரி மட்டும் அதை உபதேசம் என்று நினைத்து, "பெரிய ஆடு, பெரிய ஆடு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான் மிச்சம். என் கணவர் சிலேட்டை எடுத்தார். பொய் சொன்ன பையனை முட்டி போட வைக்கிற வாத்தியார். பிழை இருந்தால் திருத்தாமல் விடாத மனுஷன். என்ன எழுதப் போகிறாரோ என்று அவர் பலப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிதானமாக எழுதி, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். என் அப்பா உரக்கப் படித்தார்.

"வெள்ளாடு. கொம்பு உண்டு."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

சின்ன மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது. "அதான் நானும் சொல்லிக்கினே இருந்தேன்! கறுப்பு ஆடு! எங்கண்ணால பாத்தேன்!" என்று குதித்தார். கறுப்பா, செவலையா, யார் வீட்டு ஆடு என்று பந்தல் முழுக்கப் பேச்சு கிளம்பியது. எதிர் வீட்டில் ஆடு வளர்க்கிறவர் வேலி தாண்டி வந்து, "எங்க ஆடு அந்தாண்ட பக்கமே போவாது, மருவாதியா பேசுங்க" என்று சண்டைக்கு நின்றார். அந்தச் சண்டை அந்த ஊரில் ரொம்ப வருஷம் ஓடியது. என் வேளையைப் பற்றி அதற்கப்புறம் ஒருவரும் பேசவில்லை. மறந்தே போனார்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் மாமியார் உள்ளே போய் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தார். சின்ன மாமனார் எங்கிருந்தோ ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அதக் கொண்டுபோய் மோர்க்கொழம்புல போடச் சொல்லு" என்று மாமியார் ஒரு அதட்டு அதட்டினார். எனக்கு ஆரத்தி சுற்றினார். பிறகு என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து வாசற்படிக்கு நடத்திக்கொண்டு போனார்.

படி உயரம். வலது காலைத் தூக்கி வைத்தேன். வைத்தேனே தவிர அதன் மேல் உடம்பை ஏற்ற முடியவில்லை. கால் வெடவெடவென்று நடுங்கியது. கீழே எடுத்துவிட்டேன். மறுபடியும் வைத்தேன். வலியில் கண் இருட்டியது. பின்னால் ஆட்டுச் சண்டை ஓய்ந்து, எல்லாரும் என் காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது திரும்பாமலே தெரிந்தது. இத்தனை நாள் காத்திருந்தது இந்த ஒரு அடிக்குத்தான்.

"எந்தக் காலா இருந்தா இன்னா" என்று மாமியார் என் காதில் சொன்னார். "வா."

சொல்லிவிட்டு முந்தானையை உதறி விரித்து, எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். அதன் முனையில் நாலு விதை முடிச்சு ஆடியது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"வலது கால வச்சு வந்துட்டா, எல்லாரும் பாத்துக்கோங்க!" என்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி மாமியார் கூவினார். என் இடது கால் அப்போது அவர் வீட்டுக்குள் இருந்தது.